தலையங்கம் எழுதிய கை எழுதிய காவியம்

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் ‘ஆசிய ஜோதி’ வழியாகப் புத்தரை அறிந்த தமிழர்கள் பலர். அந்நூலுக்கு மூலமான ஆங்கிலக் காவியம் ‘தி லைட் ஆஃப் ஏசியா’. அதை எழுதிய எட்வின் அர்னால்டு, லண்டன் நாளிதழ் ஒன்றில் அன்றாடம் தலையங்கம் எழுதிவந்தவர்!

1832-இல் கிரேவ்சென்டில் பிறந்த அர்னால்டு, ஆக்ஸ்போர்டு மாணவராக இருந்தபோதே, 1852-இல் நியூடிகேட் கவிதைப் பரிசைப் பெற்றார். பர்மிங்காமில் பள்ளி ஆசிரியர் வேலை. அடுத்து, இருபத்தைந்து வயதை ஒட்டிப் புனேயில் கல்லூரி முதல்வர் பதவி. 1857 கிளர்ச்சியின்போது அங்குதான் இருந்தார். சமஸ்கிருதம் கற்று, ஹிதோபதேசத்தை ஆங்கிலத்தில் தந்தார்.

1861-இல் நாடு திரும்பி ‘டெய்லி டெலிகிராஃப்’ நாளிதழில் சேர்ந்தார். கடைசிவரை அதுவே அவர் களம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் ஸ்மித், களிமண் பலகையில் பாபிலோனிய ஊழிவெள்ளக் கதையைக் கண்டறிந்து சொன்னதும், மேலும் தேட அவரை 1873-இல் நினிவேக்கு அனுப்ப ஏற்பாடு செய்தவர் அர்னால்டு. செலவு நாளிதழுடையது. மறு ஆண்டு, ‘நியூயார்க் ஹெரால்டு’ நாளிதழுடன் சேர்ந்து, நாடாய்வுப் பயணி ஸ்டான்லியை ஆப்பிரிக்கப் பயணத்துக்கு அனுப்பியதிலும் அவருக்குப் பங்குண்டு.

இந்தப் பரபரப்புக்கு நடுவே பிறந்ததுதான் 1879-இல் வெளியான புத்தர் காவியம். அதே ஆண்டில்தான் மாக்ஸ் முல்லரின் ‘கிழக்கின் புனித நூல்கள்’ வரிசையும் தொடங்கியது. அந்தத் தொகுதிகளை அறிஞர்கள் பயின்றார்கள்; அர்னால்டின் காவியத்தைச் சாதாரண வீடுகளில் படித்தார்கள். புத்தரைக் கிறிஸ்துவுக்கு நிகராக்குகிறார் என்ற கண்டனமும் வந்தது. ஆனாலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பதிப்புகள் பெருகின.

1885-இல் பகவத் கீதையை ஆங்கிலச் செய்யுளாக்கினார். லண்டனில் சட்டம் படித்த காந்தி, கீதையை முதலில் படித்தது இந்த நூலின் துணையோடுதான். பேஸ்வாட்டரில் காந்தி தொடங்கிய சைவ உணவுச் சங்கத்துக்கு அர்னால்டு துணைத் தலைவரானார். புத்தகயா ஆலயம் பௌத்தர்களின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று அவர் எழுதியவை, இலங்கையின் அநகாரிக தர்மபாலருக்கு உந்துதலாயின.

பின்னர் ஜப்பானில் வாழ்ந்து, தாமா குரோகாவா என்ற ஜப்பானியப் பெண்ணை மணந்தார். இறுதி ஆண்டுகளில் பார்வை மங்கியது, 1904-இல் காலமானார்.

பேரரசின் மேன்மையை நம்பியவர் அர்னால்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், ஆளப்படும் மக்களின் ஞானத்தை ஆளும் நாட்டுக்கு எடுத்துச் சொல்லும் பணிவு அவரிடம் இருந்தது. புனே அவருக்குப் பொருளைக் கொடுத்தது. அதை எவருக்கும் விளங்கும்படி சொல்லும் பயிற்சியைப் பத்திரிகை கொடுத்தது. இதழியல் இலக்கியத்துக்குப் பகை என்பவர்கள் அர்னால்டைப் படிக்க வேண்டும்.