பழைய பாடலுக்கும் ஓய்வு வயது

பழைய பாட்டு போடும் வானொலி என்றால் அதன் பட்டியல் மாறவே மாறாது என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அந்தப் பட்டியல் ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு முனையில் பாடல்கள் உள்ளே வருகின்றன, மறுமுனையில் சத்தமில்லாமல் வெளியேறுகின்றன. எப்படி என்று பார்க்க நியூயார்க் நகரின் டபிள்யூசிபிஎஸ்-எஃப்எம் நிலையத்தின் கதை போதும்.

101.1 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் இந்த நிலையம் 1972இல் 'ஓல்டீஸ்' வகைக்கு மாறியது. எல்விஸ் பிரெஸ்லி, சக் பெர்ரி, குழுவாகப் பாடும் டூ-வாப் பாடகர்கள் என 1950களில் எழுந்த ராக் அண்ட் ரோல் அலைதான் அதன் அடித்தளம். அப்போது அதைக் கேட்டவர்கள் முதியவர்கள் அல்லர், முப்பதை ஒட்டியவர்கள். அன்றைய முதியவர்களின் இசை வேறு. அவர்களுக்காக 1978இல் ஆல் ஹாம் என்ற இசைத் தயாரிப்பாளர் 'மியூசிக் ஆஃப் யுவர் லைஃப்' என்ற நிகழ்ச்சி வகையை உருவாக்கினார். பெரிய வாத்தியக் குழுக்களும் ஃபிராங்க் சினாட்ரா போன்ற பாடகர்களும் அதில் ஒலித்தார்கள்.

பட்டியல் இப்படி நகர்வதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது மனம். ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற ஆய்வாளர்கள் 1989இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் 23, 24 வயதில் புழக்கத்தில் இருந்த பாடல்களையே மக்கள் பிற்காலத்திலும் மிக அதிகமாக விரும்புகிறார்கள். இரண்டாவது பணம். அமெரிக்க வானொலி விளம்பரச் சந்தையில் 25 முதல் 54 வயதுவரை உள்ள நேயர்களுக்குத்தான் நெடுங்காலமாக மதிப்பு. 55ஐத் தாண்டியவர் நாள் முழுக்கக் கேட்டாலும் நிலையத்துக்குப் பெரிய வருமானம் இல்லை.

இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுவோம். 1942இல் பிறந்த ஒருவருக்கு 1957இல் வயது 15. எல்விஸ் பாட்டு அவர் நெஞ்சில் பதியத் தொடங்கிய காலம். 1972இல் அவருக்கு 30, விளம்பரதாரர் தேடும் ஆள். 1997இல் 55. அவர் காது மாறவில்லை, ரசனையும் மாறவில்லை. ஆனால் நிலையத்தின் கணக்கிலிருந்து அவர் வெளியேறிவிட்டார். அவரோடு அவருடைய பாடல்களும் கிளம்ப வேண்டியதுதான்.

எந்தப் பாடல் எப்போது போக வேண்டும் என்பதை நிலையங்கள் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்வதில்லை. தாங்கள் விரும்பும் வயதுக்காரர்களை ஒரு கூடத்தில் உட்காரவைத்து, நூற்றுக்கணக்கான பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கவிடுகிறார்கள். முழுப் பாட்டு அல்ல. எல்லோருக்கும் சட்டென்று பிடிபடும் ஏழெட்டு விநாடித் துண்டு மட்டும். மிகவும் பிடிக்கும், பரவாயில்லை, கேட்டுச் சலித்துவிட்டது, தெரியவே தெரியாது என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூடத்தில் இருப்பவர்கள் 54ஐத் தாண்டாதவர்கள் என்பதால், மிகப் பழைய பாடல்களுக்கு ஆண்டுதோறும் 'தெரியாது' கூடிக்கொண்டே போகும். எல்லோருக்கும் பிடித்த சில நூறு பாடல்கள் மிஞ்சும். அவற்றையே கணினி மென்பொருள் மணிவாரியாக அடுக்கித் தருகிறது. ஒரே பாட்டுகள் திரும்பத் திரும்ப வருவதும் இதனால்தான்.

டபிள்யூசிபிஎஸ்-எஃப்எம்மிலும் உதிர்தல் படிப்படியாகவே நடந்தது. 1975 முதல் ஞாயிறு இரவுகளில் டான் கே. ரீட் வழங்கிய டூ-வாப் நிகழ்ச்சி 2002இல் நின்றது. 2005 ஜூன் 3 அன்று பெரிய அடி விழுந்தது. நிலையம் ஒரே நாளில் 'ஜாக் எஃப்எம்' ஆனது. பழகிய அறிவிப்பாளர்கள் இல்லை, பல தலைமுறைப் பாடல்களும் கலந்து ஓடின. நேயர்கள் கொதித்தார்கள், கேட்போர் எண்ணிக்கை சரிந்தது. 2007 ஜூலை 12 அன்று பழைய பெயர் திரும்பியது, பழைய அறிவிப்பாளர்கள் சிலரும் திரும்பினார்கள். ஆனால் திரும்பியது பழைய பட்டியல் அல்ல. 1964க்கு முந்தைய பாடல்கள் ஏறக்குறைய மறைந்து, 1980களின் பாடல்கள் ஏறியிருந்தன. இந்த வகைக்குத் துறையில் 'கிளாசிக் ஹிட்ஸ்' என்று பெயர்.

வணிகக் கணக்கு எனக்குப் புரிகிறது. அதை நியாயம் என்று ஏற்க மனம் வரவில்லை. அந்த 55 வயது எல்லைக்கோடு, வயதானவர்கள் புதுப் பொருள் வாங்கமாட்டார்கள் என்ற பழைய நம்பிக்கையில் நிற்கிறது. பேச்சுத்துணை குறையும் வயதில்தான் பழகிய குரலும் பாட்டும் அதிகம் தேவைப்படுகின்றன. வழி இல்லாமலும் இல்லை. பிரிட்டனில் 2021 பிப்ரவரி 14 அன்று தொடங்கிய 'பூம் ரேடியோ', இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த தலைமுறைக்காகவே நடக்கிறது. அனுபவம் மிக்க அறிவிப்பாளர்கள் பலர் வீட்டிலிருந்தபடியே நிகழ்ச்சி வழங்குகிறார்கள். டிஜிட்டல் ஒலிபரப்பில் செலவு குறைவு என்பதால், பெரிய நிலையங்கள் கைவிட்ட நேயர்களை நம்பியே ஒரு நிலையம் நடத்த முடிகிறது.

இது தாத்தா பாட்டிகளின் பிரச்சினை மட்டும் என்று நாற்பதுகளில் இருப்பவர்கள் நினைக்க வேண்டாம். 1985இல் மைக்கேல் ஜாக்சனையும் மடோனாவையும் கேட்டு வளர்ந்த பதினைந்து வயதுக்காரருக்கு 2025இல் 55 ஆகிவிட்டது. அடுத்து 1990களின் முறை.