உங்களுக்குத் தெரியுமா? குயி மொழியிலும் ஒன்றாம் வகுப்பு உண்டு!

ஒடிசாவில் அறுபதுக்கும் மேற்பட்ட பழங்குடிச் சமூகங்கள் வாழ்கின்றன. அவர்களில் பலர் பேசும் குயி, குவி, கோயா மூன்றும் தமிழைப் போலவே திராவிட மொழிகள். ஆனால் பள்ளிக்கூடத்தில் கால் வைத்ததும் பிள்ளையின் காதில் விழுவது, வீட்டில் யாரும் பேசாத ஒடியா. விடை தெரிந்தும் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு ‘மக்கு’ என்று பெயர் சூட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

இந்த நிலையை மாற்ற, 2007-இல் அம்மாநில அரசு பத்து பழங்குடி மொழிகளில் பாடம் நடத்தத் தொடங்கியது. பிறகு அது 21 மொழிகளாக வளர்ந்தது. இந்த வகுப்புகளில் ஆசிரியர் பெரிய படப்புத்தகத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி விரித்துப் பிடித்து வாசிப்பார். கதையில் வருவது வாரச்சந்தை, காடு, ஊர்த் திருவிழா. குழந்தைகள் குறுக்கே பேசலாம், கேள்வி கேட்கலாம். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குத் தனி நேரம். பெரும்பாலான புத்தகங்கள் ஒடியா எழுத்திலேயே அச்சாகியிருப்பதால், பின்னால் ஒடியா படிக்கும்போது எழுத்து புதிதாக இருக்காது.

இந்த முறையின் உயிர்நாடி, அந்த மொழி பேசும் ஆசிரியர். அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டால் புத்தகம் அலமாரியை விட்டு இறங்காது.