கிணற்று நீரும் நிபுணர் சொல்லும்

யாழ்ப்பாணக் கரைக்கு அப்பாலுள்ள நெடுந்தீவின் நன்னீர் என்பது, மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாகத் தங்குவதே. அளவு மீறி இறைத்தால் உவர் மேலேறும் என்பதை எந்த ஆய்வறிக்கையும் இன்றி நாவின் சுவையாலேயே அறிந்த மக்கள், நிபுணர் சொல்லைத் தம் கிணற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இயல்பு.

யாழ்ப்பாணத்தில் நிபுணர் சொல்மீதான ஐயத்தை ஆழமாக்கியது சுண்ணாகம். அங்குள்ள மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் அள்ளிய வாளி நீரில் எண்ணெய் மிதந்தபோது, வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு ஆபத்தான மாசு இல்லை என்றது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் சோதனைகளோ பல கிணறுகளில் எண்ணெயும் கிரீசும் அனுமதித்த அளவைத் தாண்டியதைக் காட்டின. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அந்த மின் நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. மக்கள் பக்கம் நின்றதும் அறிவியல் சோதனையே என்பதால், அவர்களது அவநம்பிக்கையை அறிவியல் வெறுப்பு என்பது பெரும் அநீதி.

இதே எச்சரிக்கை தீவுகளின் மின் திட்டத்துக்கும் பொருந்தும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான சூரிய ஒளி, காற்றுக் கலப்பு மின் திட்டம், 2021இல் சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டு, இந்தியாவின் எதிர்ப்புக்குப் பின் கைமாறி, 2022இல் இந்திய நன்கொடைத் திட்டமானது. பாதுகாப்பு அரசியலே மேலோங்கிய அந்த விவாதத்தில், திட்டத்தின் காலாவதியாகும் மின்கலங்கள் அந்த மெல்லிய நன்னீர்ப் படைக்குமேல் எங்கே வைக்கப்படும் என்பதே தீவினர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி.