கைபேசிக்கு வந்த அறிக்கை எங்கே போயிற்று?

மருத்துவரின் எதிரே அமர்ந்தபடி கைபேசித் திரையை மேலும் கீழும் தள்ளித் தேடும் உறவினரை இன்று எந்தப் புறநோயாளர் பிரிவிலும் காணலாம். "ரிப்போர்ட் இதில்தான் வந்தது, டாக்டர்" என்பார். வந்ததும் உண்மை, இப்போது அகப்படவில்லை என்பதும் உண்மை. வாசலில் அடுத்த நோயாளி காத்திருக்க, இறுதியில் மருத்துவர் அதே பரிசோதனையை மீண்டும் எழுதித் தருகிறார். பணமும் ஒரு நாளும் வீணாகின்றன.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு 1.8 என்று இன்று வந்திருப்பதாகக் கொள்வோம். ஆறு மாதங்களுக்கு முன் அது 1.7 ஆக இருந்திருந்தால், சிறுநீரகம் நெடுநாளாக மெல்லத் தளர்ந்து வருகிறது என்று மருத்துவர் கருதக்கூடும். 0.9 ஆக இருந்திருந்தால், அண்மையில் ஏதோ நேர்ந்திருக்கிறது என்று உடனே காரணம் தேடுவார். எண் ஒன்றுதான், அதன் பொருளைப் பழைய அறிக்கையே சொல்லும். நெஞ்சுவலியோடு வருபவரின் இ.சி.ஜி.யும் அவ்வாறே. அதில் தெரியும் மாறுதல் புதியதா பழையதா என்பதை முந்தைய இ.சி.ஜி. இருந்தால் நொடியில் ஒப்பிட்டு அறியலாம்.

நம் பகுதி மக்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். தக்கலையில் பத்மநாபபுரம் அரசு தலைமை மருத்துவமனையில் காட்டி, பிறகு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குச் சென்று, அங்கிருந்து திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்துக்கோ வட்டாரப் புற்றுநோய் மையத்துக்கோ போகிறவர்கள் பலர். ஓரிடத்துக் கணினியில் இருப்பது பெரும்பாலும் மற்றோரிடத்துக் கணினியில் தெரிவதில்லை. இடையே பாலமாக இருப்பவர் நோயாளியும் உடன் செல்பவருமே.

கோப்பு ஒளிந்திருக்கும் இடங்கள் உண்மையில் சிலவே. ஆய்வகம் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தால், அந்த உரையாடலைத் திறந்து மேலே உள்ள பெயரைத் தொடுங்கள். மீடியா, லிங்க், ஆவணங்கள் என்னும் பகுதி வரும். 'ஆவணங்கள்' என்பதில் அவர்கள் அனுப்பிய பி.டி.எஃப். அனைத்தும் வரிசையாக இருக்கும். நூற்றுக்கணக்கான செய்திகளைத் தள்ளிப் பார்க்க வேண்டியதில்லை. குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொட்டு இறக்கியது என்றால் 'ஃபைல்ஸ்' அல்லது 'மை ஃபைல்ஸ்' செயலியில் 'டவுன்லோட்ஸ்' உறையில் இருக்கும். ஐபோனிலும் 'ஃபைல்ஸ்' செயலிக்குள்தான் 'டவுன்லோட்ஸ்' உண்டு. தாளைப் படம் பிடித்தது என்றால் புகைப்படங்களோடு கேலரியில் கலந்து கிடக்கும்.

வாட்ஸ்ஆப் அறிக்கையை வந்த அன்றே தொட்டுத் திறந்துவிடுவது நல்லது. திறக்காமல் நெடுநாள் விட்டால், கோப்பு கிடைக்கவில்லை, அனுப்பியவரிடம் மீண்டும் கேளுங்கள் என்று செயலி கைவிரித்துவிடும். மறையும் செய்திகள் என்னும் வசதி இயங்கும் உரையாடலானால் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்ற கெடுவில் செய்தியே போய்விடும்.

அடுத்தது பெயர். 'DOC' என்பது போன்ற மூன்று ஆங்கில எழுத்துகள், பின்னே 20250312 என்ற எண், அதன் பின்னே இன்னோர் எண் என வரும் பெயரைப் பார்த்து யாருடைய அறிக்கை என்று எவராலும் சொல்ல முடியாது. நடுவில் உள்ள எண் தேதிதான். ஆனால் அது கோப்பு வந்த தேதி. இரத்தம் எடுத்த தேதியாக இருக்க வேண்டியதில்லை. எனவே அறிக்கைக்குள் அச்சிடப்பட்ட தேதியைப் பார்த்து, '2025-03-10 அம்மா சிறுநீரகம்' என்பதுபோல் பெயரிடுங்கள். தமிழிலேயே இடலாம். ஆண்டு, மாதம், நாள் என்ற முறை வேண்டும். அப்போதுதான் பெயர் வரிசையில் அடுக்கினால் கால வரிசையும் தானே அமையும். நாளை முதலில் எழுதினால் ஜனவரியும் ஜூனும் கலந்துவிடும்.

பெயரை மாற்றுமுன் ஒன்று செய்க. வாட்ஸ்ஆப்பின் உறையில் உள்ள மூலக் கோப்பின் பெயரை மாற்றினால், பிறகு அந்த உரையாடலிலிருந்து அது திறக்காது. ஆகவே ஆளுக்கொரு புதிய உறை உருவாக்கி, கோப்பை அழுத்திப் பிடித்து நகலெடுத்து அதில் இட்டு, நகலுக்கே புதுப்பெயர் தாருங்கள். உறைக்குள் உறையாக அடுக்கத் தேவையில்லை. ஒருவருக்கு ஓர் உறை போதும். பத்து உறைகள் வைத்தவர் பிறகு உறையைத் தேடுகிறார்.

அந்த உறையில் ஒரு பக்கக் குறிப்பும் இருக்கட்டும். நடந்த அறுவைச் சிகிச்சை, வைத்த ஸ்டென்ட், ஒவ்வாத மருந்து, இப்போது உண்ணும் மாத்திரையும் அளவும். இரவில் அவசரப் பிரிவுக்கு வரும்போது முதலில் கேட்கப்படுபவை இவையே.

வெளிநாட்டில் உள்ள மகனுக்கோ மகளுக்கோ அனுப்புகையில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்ஆப் அதைச் சுருக்கிவிடும். சிறிய எண்கள் மங்கும். சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களில் அறிக்கைத் தாள் வேறு, படங்கள் வேறு. அறுவை மருத்துவர்கள் படங்களையே பார்க்க விரும்புவர். ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து எடுத்த கைபேசிப் படம் அதற்கு ஈடாகாது. குறுந்தகட்டையும் ஃபிலிமையும் எறிந்துவிடாதீர்கள்.

கைபேசி தொலைந்தால் எல்லாம் தொலையும் என்பதால் இன்னோரிடத்தில் நகல் தேவை. கூகுள் கணக்கில் 15 ஜி.பி. இடம் இலவசம், மின்னஞ்சலும் புகைப்படங்களும் அதையே பங்கிட்டுக்கொள்கின்றன, ஆனால் அறிக்கைகளுக்கு வேண்டியது மிகச் சிறிதளவே. 2015இல் தொடங்கிய டிஜிலாக்கரிலும் ஆவணங்களை ஏற்றி வைக்கலாம். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க ஆபா எண் பெற்றவர்கள், அத்திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளின் பதிவுகளைத் தம் ஒப்புதலோடு அதில் இணைத்துக்கொள்ளலாம்.

எங்கு தேடியும் கிடைக்கவில்லையெனில் கேட்டுப் பெற வழியுண்டு. இந்திய மருத்துவ மன்றத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாள் முதல் 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரமளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வாய்மொழியாகக் கேட்டு அலைவதைவிட எழுத்தில் விண்ணப்பித்து, தேதியிட்ட ஒப்புகை பெறுவதே மேல். மூன்றாண்டு கடந்தபின் கேட்பதில் உறுதியில்லை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ஆய்வக அறிக்கை பி.டி.எஃப். ஆகவோ படமாகவோதான் வரும். பெயரின் கடைசியில் 'ஏ.பி.கே.' என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது அறிக்கையன்று, செயலி. தெரியாத எண்ணிலிருந்து அத்தகையது வந்தால், எத்துணை அவசரமாக எழுதியிருந்தாலும் நிறுவாதீர்கள். வங்கிக் கணக்கைக் கவரும் மோசடிகள் இவ்வழியே நடக்கின்றன. தவறி நிறுவிப் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்; வங்கிக்கும் தெரிவியுங்கள்.