ஜோன் சுருங்குது... மெட்கிட் மட்டும் போதுமா?

``ப்ரோ, ஜோன் வருது... ஓடு, ஓடு!''

இரவு 10 மணிக்கு மேல் உங்கள் வீட்டுப் பிள்ளை காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இப்படிக் கத்தினால் பயப்பட வேண்டாம். பி.ஜி.எம்.ஐ விளையாட்டு நடக்கிறது என்று அர்த்தம். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள்தான்.

விளையாடாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். விமானத்திலிருந்து 100 பேர் ஒரு தீவில் குதிப்பார்கள். யார் கையிலும் எதுவும் இருக்காது. துப்பாக்கி, கவசம், மருந்து எல்லாவற்றையும் அங்கேயே தேடி எடுக்க வேண்டும். கடைசி வரை உயிரோடு இருப்பவருக்கு `சிக்கன் டின்னர்'. ஆனால், துப்பாக்கியோடு நிற்கும் எதிரியைவிட இதில் ஆபத்தானது ஜோன். வரைபடத்தில் ஒரு வட்டம் இருக்கும். அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை சுருங்கும். வட்டத்துக்கு வெளியே மாட்டிக்கொண்டால், யாரும் சுடாமலேயே உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஆட்டம் போகப் போக அந்த அடியும் பலமாகிக்கொண்டே வரும்.

இந்த விளையாட்டுக்கும் அரசியலுக்கும் பழைய பழக்கம் உண்டு. எல்லையில் சீனாவுடன் பதற்றம் இருந்த 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்குத் தடை வந்தது. 2021 ஜூலையில் அதுவே பி.ஜி.எம்.ஐ என்ற பெயரில் திரும்பியது. 2022 ஜூலையில் மறுபடியும் காணாமல் போய், 2023 மே மாதம் மீண்டும் வந்தது. அரசாங்கத்தின் ஒரு முடிவு நேராகத் தன் போனுக்குள்ளேயே வந்து கதவைத் தட்டும் என்று எங்கள் தலைமுறையில் பலர் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

ஆஃப்லைன் ஆன தம்பி

எங்கள் அணியில் நான்கு பேர். சென்னையில் நானும், உணவு டெலிவரி செய்யும் ஒரு நண்பரும். கோவையில் ஒரு தோழி. தூத்துக்குடி பக்கம் ஒரு கல்லூரித் தம்பி.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மூழ்கியபோது, ``அக்கா, சேஃபா இருக்கீங்களா?'' என்று மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தான் அந்தத் தம்பி. அடுத்த இரண்டு வாரத்தில் அவன் ஊர்ப் பக்கமே மழை திரும்பியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது. நான்கு நாள்கள் ஒரு தகவலும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் தினமும் ஆப்பைத் திறந்து அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு மூடிவிடுவோம். விளையாட மனது வரவில்லை.

ஐந்தாம் நாள் வாய்ஸ் மெசேஜ் வந்தது. ``ஆளுங்க எல்லாம் இருக்கோம்க்கா. வீட்டுலதான் ஒண்ணும் இல்ல.''

அரசின் 6,000 ரூபாய் நிவாரணம் அவர்கள் வீட்டுக்கும் கிடைத்தது. அந்த நேரத்தில் அது பெரிய ஆறுதல், சந்தேகமே இல்லை. ஆனால், கொஞ்ச நாள் கழித்து அவன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. ``கொஞ்சம் காசு சேத்து ஃப்ரிட்ஜ் வாங்கலாம்னு பாத்தோம்க்கா. அடுத்த மழைக்கு அதுவும் மிதக்குமேன்னு விட்டுட்டோம்.''

விளையாட்டில் நாங்கள் முதலில் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. ஜோனுக்கு வெளியே நின்றபடி மெட்கிட் போட்டுக்கொண்டே இருக்க முடியாது. ஆரம்பத்தில் தாக்குப்பிடிக்கலாம். அப்புறம், மருந்து ஏற்றும் உயிரைவிட ஜோன் எடுக்கும் உயிர் அதிகமாகிவிடும். மெட்கிட் உயிரைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். பிழைக்க வேண்டுமென்றால் இடம் மாற வேண்டும். வெள்ளமோ வெயிலோ, நம் தேர்தல் பேச்சுகளில் மெட்கிட் பற்றித்தான் அதிகம் கேட்கிறேன். எவ்வளவு நிவாரணம், யார் அதிகம் தருவார்கள் என்பதே போட்டி. அடுத்த வட்டத்துக்குள் எப்படிப் போவது என்று பேசுபவர்கள் குறைவு.

வெயிலில் நின்ற வரிசை

தேர்தலே இப்போது ஜோனுக்கு வெளியேதான் நடக்கிறது. தமிழ்நாடு 2019-ல் ஏப்ரல் 18, 2021-ல் ஏப்ரல் 6, 2024-ல் ஏப்ரல் 19 அன்று வாக்களித்தது. எல்லாமே வெயில் ஏறும் மாதம். ஆசிரியையான என் சித்தி 2024-ல் வாக்குச்சாவடிப் பணிக்குப் போனபோது, பையில் முதலில் எடுத்துவைத்தது இரண்டு பாட்டில் மோரும் ஒரு ஈரத்துண்டும்தான். 

அவர் பத்திரமாகத் திரும்பி வந்தார். அதே தேர்தலின் கடைசிக் கட்டமான ஜூன் 1 அன்று, உத்தரப்பிரதேசத்தில் மட்டும் தேர்தல் பணியில் இருந்த 33 பேர் வெப்பத்தால் இறந்ததாக அந்த மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி தெரிவித்தார். தேர்தலை ஒரு மாதம் முன்பே முடித்திருக்க வேண்டும் என்று அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் ராஜீவ் குமாரும் வெளிப்படையாகச் சொன்னார்.

இதே 2024 ஏப்ரலில், முதல் கட்ட வாக்குப்பதிவுக்குச் சில நாள்கள் முன்னால், பிரதமர் மோடி கேமர்கள் சிலரைச் சந்தித்த வீடியோ வெளியானது. பருவநிலைப் பிரச்னைக்குத் தீர்வு தேடும் விளையாட்டை உருவாக்கலாமே என்று அதில் அவர் பேசினார். நல்ல யோசனைதான். ஆனால், விளையாட்டில் தோற்றால் `ரீஸ்டார்ட்' இருக்கிறது. தூத்துக்குடித் தம்பியின் வீட்டுக்கு அந்த பட்டன் இல்லையே.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. விளையாட்டில் 100 பேரும் வெறுங்கையோடுதான் குதிக்கிறோம். நிஜத்தில் அப்படியில்லை. மே மாத மதியத்தில் நான் ஏ.சி அறையில் செய்தி எழுதிக்கொண்டிருப்பேன். எங்கள் அணியின் டெலிவரி நண்பர் அதே நேரத்தில் தார்ச்சாலையில் பைக்கில் இருப்பார். ``கேம் ஆடினா போன்தான் சூடாகும். வேலைக்குப் போனா போனும் சூடு, நானும் சூடு'' என்று சிரிப்பார்.

அடுத்த வட்டம் எங்கே?

அடுத்த வட்டத்துக்கான சில அடிகள் எடுத்துவைக்கப்பட்டிருக்கின்றன. 2022-ல் பள்ளிக்கரணை சதுப்புநிலம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தென் சென்னையின் மழைநீரைத் தாங்கிக்கொள்ளும் அந்த நிலம், ஒருகாலத்தில் இருந்த பரப்பில் ஒரு சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வெப்பத்தால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். அவசியமான உதவி. ஆனால், அந்தத் தொகையை வாங்கும் நிலைமை எந்தக் குடும்பத்துக்கும் வராமல் பார்த்துக்கொள்வதுதானே முக்கியம்?

அதனால், ஓட்டு கேட்டு எந்தக் கட்சி வேட்பாளர் வந்தாலும் சில கேள்விகளைத் தயாராக வைத்திருங்கள். எங்கள் தெருவில் நிற்கும் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக எங்கே போக வேண்டும்? அந்த வழி இப்போது திறந்திருக்கிறதா? பஸ் ஸ்டாப்பில் நிழலும் குடிதண்ணீரும் உண்டா? இந்த ஏரிக்கரையில் புதிதாகக் கட்டடம் வருமா, வராதா? வீட்டுப் பெரியவர்கள் கேட்கத் தயங்கினால், ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகள் கேட்கட்டும். வரைபடம் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள்தானே!

``வெள்ளம் வந்தா நிவாரணம் தருவோம்'' என்பது மட்டுமே பதிலாக வந்தால், சண்டை போட வேண்டாம். ``சந்தோஷம்ங்க... அடுத்த மழைக்கு முன்னாடி என்ன செய்வீங்க?'' என்று இன்னொரு முறை கேளுங்கள்.