கடலோர வீடுகளில் பூசணமும் தூசிப்பேனும்

ஐப்பசி, கார்த்திகையில் தூத்துக்குடிக் கடற்கரையிலும் அதையொட்டிய கரிசல் கிராமங்களிலும் சமையலறை உப்பு நீர்த்துப்போகும். சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 பங்கைத் தாண்டினால்தான் கசியும். (மக்னீசியம் கலந்த கழுவாத உப்பு முன்னரே கசிந்துவிடும், அதைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.) இந்த ஈரத்தில்தான் சுவரில் பூசணமும் படுக்கையில் தூசிப்பேனும் பெருகுகின்றன.

தூசிப்பேன் மூன்று சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். எட்டுக்கால் உயிர், மிளகாய் இலையைச் சுருட்டும் சிலந்திப்பேனுக்கு உறவு. கடிப்பதில்லை. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதிளே அதன் தீனி. தண்ணீரும் குடிப்பதில்லை. முன்னங்கால்களின் அடியில் சுரக்கும் உப்புநீர், காற்றின் ஈரத்தை இழுத்துக் கொடுக்கிறது. சாடியில் உப்பு செய்வதும் இதே வேலைதான்! ஈரப்பதம் 50 பங்குக்குக் கீழே பல நாள் நீடித்தால் பேன் வற்றிச் செத்துவிடும்.

பூசணத்துக்கும் பேனுக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு. செதிளில் படரும் பூசணம் பேனுக்குச் சில சத்துக்களைத் தருகிறது. பேன் பூசண வித்துக்களை உடலிலும் எச்சத்திலும் சுமந்து வேறிடத்தில் விதைக்கிறது. பூசணம் மிஞ்சினாலோ பேனுக்கே கேடு. ஆகவே சுவர் கறுத்த வீட்டில்தான் பேன் இருக்கும் என்பதில்லை.

தானிய மூட்டையில் வாழும் பேன் வேறு இனம். அது நொய்யையும் பூசணத்தையுமே தின்னும். சரியாகக் காயாத கம்பு, உளுந்து மூட்டைகளைப் படுக்கும் அறையில் அடுக்கினால் இரண்டு கூட்டமும் ஒரே கூரையின் கீழ் வந்துவிடும்.

வீட்டுத் தூசியால் வரும் இளைப்புக்கு இந்தப் பேன் முக்கியக் காரணம் என்பதை 1964இல் நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். உலர்ந்த எச்சம் தூசியோடு பறந்து மூச்சில் ஏறுகிறது. பூசண வித்துக்களும் சிலருக்கு அவ்வாறே.

2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படி ஊறிய பஞ்சு மெத்தையைக் காய வைத்து மீண்டும் விரிப்பது வீண் சிக்கனம்; கழித்துவிடுவதே நல்லது.

மற்றபடி, பாய், தலையணைகளை உச்சி வெயிலில் இருபுறமும் காய வைத்து வெளியில் தட்ட வேண்டும். இளைப்புக்காரர் தட்டக்கூடாது. விரிப்புகளை வெந்நீரில் துவைக்கலாம். ஆனி, ஆடியின் வறண்ட மேல்காற்றுக்குச் சன்னலைத் திறந்து வைக்கவும். தானியத்தை 12 சதத்துக்கு மேல் ஈரமில்லாமல் உலர்த்தி, சுவரை ஒட்டாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்கவும். வயலுக்கு அடிக்கும் மருந்தைப் படுக்கையில் தெளிப்போர் சிலர் உண்டு. பேனைவிட அது பன்மடங்கு ஆபத்து.