பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி?

பெண்ணுக்கு ஏழாம் மாதம் வந்துவிட்டால், வளைகாப்புடன் இன்னொரு யோசனையும் வந்து சேருகிறது. பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி? பெரும்பாலான மத்தியதரக் குடும்பங்களில் இதற்கு ஒரே பதில்தான்: "தர்மாஸ்பத்திரியில் யார் கவனிப்பார்கள்? பணம் போனாலும் தனியார் ஆஸ்பத்திரியே மேல்." இந்த நியாயம் எவ்வளவு தூரம் சரியென்று சற்றுப் பார்ப்போம்.

2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிகளில் நிகழ்ந்த பிரசவங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 64, ரண சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தவை. சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலோ 36 தான். ஜனத்தொகை முழுவதையும் கணக்கிட்டால், இச்சிகிச்சை நூற்றுக்குப் பத்தைத் தாண்டுவதனால் தாய் சேய் மரணம் மேலும் குறைவதாகக் காணவில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ல் தெரிவித்தது. ஆபத்துச் சமயத்தில் உயிரைக் காக்கும் அதே கத்தி, வேண்டாத இடத்தில் தாய்க்கு ரத்த நஷ்டத்தையும், அடுத்த கர்ப்பத்துக்குப் புதிய அபாயத்தையும் உண்டாக்கக் கூடும்.

தனியார் வைத்தியர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல வரவில்லை. இரவெல்லாம் காத்திருக்க வேண்டிய சுகப்பிரசவத்தைக் காட்டிலும், ஒரு மணி நேர ரண சிகிச்சைக்குக் கட்டணம் அதிகம். மாதச் சம்பளம் வாங்கும் சர்க்கார் டாக்டருக்கு அந்த லாபம் இல்லை. நட்சத்திரம் பார்த்துப் பிள்ளையைப் பிறக்கச் செய்யும் குடும்பங்களும் இதில் பங்காளிகளே!

சர்க்கார் ஆஸ்பத்திரியில் குறைகளே இல்லையா? ஏராளம். தாங்க முடியாத கூட்டம், சுத்தக் குறைவு. குழந்தையைக் கண்ணால் பார்க்கவே சிப்பந்திகளுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற புகாரும் வெகு நாளையது. ஆயினும் 2018-20-ல் லட்சம் பிரசவங்களுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் மாண்டார்கள்; தமிழ்நாட்டில் 54 பேர். இரவு பகலாகப் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இந்த வித்தியாசத்தில் பெரும் பங்குண்டு.

அவை நடப்பது தர்மத்தினால் அல்ல; நம் வரிப்பணத்தினால். கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் அங்கே போவதை நிறுத்திவிட்டபடியால், அங்கே கேட்பாரில்லாமல் போயிற்று. எந்த ஆஸ்பத்திரிக்குச் சென்றாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: "இங்கே நூற்றுக்கு எத்தனை பிரசவங்கள் ரண சிகிச்சையால் நடக்கின்றன? எங்கள் பெண்ணுக்கு அது வேண்டுமென்றால், என்ன காரணத்தினால்?" இரண்டாவது கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காவிட்டால், நேரமிருக்கும்போதே இன்னொரு டாக்டரிடமும் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது.